பதினொன்று புள்ளி ஆறு

பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்றவன் இருபது நிமிஷமாக வரவில்லை. பழைய காரைப் பார்த்து விலை சொல்வதற்கு ஷோரூமிலிருந்து அனுப்புகிற ஆள். போன் செய்தால் "லாலி ரோடு சிக்னல்லதானுங்க சார் நிக்கறேன்" என்கிறான். அந்தச் சிக்னலிலேயே குடியிருக்கிறான் போலிருக்கிறது. சரி, வரட்டும். எங்கள் அபார்ட்மெண்டின் அடியில், தூண்களுக்கு நடுவே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், எங்கள் காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். சாவி போடவில்லை. கதவு திறந்திருக்கிறது, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்தே முக்கால். வெள்ளைக் கார், பெட்ரோல், பதினோரு வயது. லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது பதினான்கு மாதமாகப் பதினொன்று புள்ளி ஆறில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு லிட்டரிலும் நாலு கிலோமீட்டருக்கு மேல் எங்கோ காணாமல் போகிறது. அதற்காகத்தான் விற்கிறோம் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆபீசில், அப்பாவிடம், மகள் மித்ராவிடம், மனைவி கோகிலாவிடம். பெட்ரோல் விற்கிற விலைக்கு இதைக் கட்டிக்கொண்டு மாரடிக்க முடியாது என்று சொல்லும்போது என் குரல் எனக்கே நியாயமாகப் படும். தனியாக உட்கார்ந்தால்தான் தெரிகிறது, பெட்ரோல் ஒரு காரணம், அவ்வளவுதான். இன்னொரு காரணத்தின் பெயர் பூபதி. பூபதி என் சகலை, கோகிலாவின் தங்கை சுகந்தியைக் கட்டியவர். அவருடைய புது வண்டி இருபத்தாறு கொடுக்கிறது.

இருபத்தாறு. இந்த எண்ணைப் போன மாதம் அன்னூரில் மாமியார் வீட்டு வாசலில் வைத்துக் கேட்டேன், அன்றிலிருந்து காலையில் பல் விளக்கும்போதுகூட அது வாயில் இருக்கிறது. எனக்குப் பொறாமை, சொல்வதற்கென்ன, யாரிடம் சொல்லப்போகிறேன். பொறாமை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, சிலருக்குத் தும்மல் இருப்பதுபோல, தூசி பட்டால் போதும். அன்றைக்குச் சாப்பிட உட்கார்வதற்கு முன்பே பூபதி எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமனாரை முன்சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார். "ஹைபிரிட்ங்க மாமா. நின்னுட்டிருக்கறப்ப ஒரு சொட்டுக் குடிக்காது. இஞ்சின் தானா ஆஃப் ஆயிரும், ஏசி பாட்டுக்கு பேட்டரில ஓடும்." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுது எவ்வளவு குடுக்குதுங்க சகல?" கூட்டத்துக்கு நடுவில் ஒருத்தன் சம்பளத்தைக் கேட்பதுபோல. நான் பதினாறு என்றேன். பொய். அவர் "பரவால்லீங்களே, பழைய வண்டிக்கு" என்றார். பொய் சொல்லியும் பரவாயில்லைதான் கிடைத்தது. மாமியார் எனக்குப் பரிமாறிய ஆப்பம் விளிம்பில் கருகியிருந்தது, பூபதிக்குப் போனது கருகவில்லை, நான் பார்த்தேன். பம்ப் மோட்டாருக்குப் பாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார், என்னைவிட நாலு வயது சின்னவர், தலையில் முடி அப்படியே இருக்கிறது. அதெல்லாம்கூடப் போகட்டும். எல்லோரும் இறங்கிய பிறகு கோகிலா போய் அந்தக் காரில் உட்கார்ந்தாள். முன்சீட்டைக் கொஞ்சம் சாய்த்து, கைகளை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷம் இருக்கும். அவள் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்து வெகுநாள் ஆகிறது.  என் மனைவிக்கு இன்னொருத்தன் வாங்கிய காரில் அந்த முகம் வருகிறது என்றால் நான் எதற்கு? அந்த நிமிஷத்தில்தான் இந்தக் காரை விற்பது என்று முடிவெடுத்தேன். திரும்பி வரும் வழியில் "நாமளும் அதே மாதிரி ஒண்ணு எடுத்துரலாம்" என்றபோது கோகிலா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "நம்ம வண்டிக்கு என்னங்க கொறை?" என்றாள். சிக்கனமானவள், பணத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு இரண்டு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை "உங்க இஷ்டம்" என்றாள்.

கொறை என்ன என்று அவளுக்குத் தெரியாதா? வாராவாரம் அவள்தானே எனக்கு அனுப்புகிறாள். எனக்கு மில் இயந்திரங்கள் செய்கிற கம்பெனியில் தர ஆய்வு வேலை, அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன், கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன், வீடு சேர ஏழரை ஆகிவிடும். வேலை நாளில் கார் ஓட்டுவது கோகிலா. பீளமேட்டில் ஒரு கல்லூரியில் தேர்வுப் பிரிவில் இருக்கிறாள், வடவள்ளியிலிருந்து போகவர இருபத்தெட்டு கிலோமீட்டர். மைலேஜ் பார்ப்பது எப்படி என்று நான்தான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். டேங்க்கை ரொப்ப வேண்டும். குழாய் தானாக முதல் தடவை டக்கென்று நிற்கும், அதோடு சரி, அதற்கு மேல் ஒரு சொட்டு விடக்கூடாது. ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த வாரம் அதே பங்க், அதே குழாய், அதே டக். ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ரூபாய்க்குப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, ஐநூறுக்குப் போடுங்க என்கிறவனுக்குத் தன் வண்டி என்ன சாப்பிடுகிறது என்றே தெரியாது. கோகிலா ஒரு தடவைகூடத் தவறியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு படம் வரும், மீட்டர் ஒன்று, பங்க் மிஷின் ஒன்று. நான் வகுத்துப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையை அனுப்புவேன். எங்கள் இரண்டு பேரின் வாட்ஸாப்பைத் திறந்தால் வருஷக்கணக்கில் இதுதான் இருக்கும், மீட்டர், மிஷின், கட்டைவிரல், மீட்டர், மிஷின், கட்டைவிரல். போன வருஷம் ஆவணியில் கட்டைவிரல் நின்றது. முதல் வாரம் பதின்மூன்று, அடுத்த வாரம் பன்னிரண்டு, அப்புறம் பதினொன்று புள்ளி ஆறு. ஸ்பார்க் பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன். டயரில் காற்றை நானே பார்த்தேன். பங்க்காரனிடம் சண்டைக்குப் போனேன், அவன் ஐந்து லிட்டர் அளவு டப்பாவைக் கொண்டுவந்து என் எதிரில் பிடித்துக் காட்டினான், ஒரு மில்லி குறையவில்லை. அப்படியானால் மீதி யார்? ஓட்டுகிறவள்தான். "நீ கிளட்ச் மேலயே காலை வெச்சு ஓட்டறே" என்றேன். மித்ரா முன்னால், அப்பா முன்னால் சொன்னேன். "இருக்குமுங்க" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து மருதமலை ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி, கிளட்ச்சிலிருந்து காலை எடு, எடு, எடு என்று சொல்லிக்கொண்டே போனேன். எடுத்தாள். கால் கிளட்ச்சில் இல்லவே இல்லை, என் கண்ணால் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமையும் பதினொன்று புள்ளி ஆறு.

ஷோரூமில் வண்டியைக் காலி செய்து வைக்கச் சொன்னார்கள். கையுறைப் பெட்டியில் இன்சூரன்ஸ் காகிதம், ஒரு தைல டப்பி, சீப்பு. கதவுப் பையில் தண்ணீர் பாட்டில். எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டேன். காலை நீட்டலாம் என்று சீட்டின் பக்கவாட்டுப் பிடியை லேசாகத்தான் இழுத்தேன், முதுகு சரசரவென்று பின்னால் போய்ப் படுத்துவிட்டது. நானும் அதோடு படுத்துவிட்டேன். பதினோரு வருஷத்து வண்டியில் இந்தப் பிடி இறுகியிருக்க வேண்டும், இழுத்தால் விரல் வலிக்கும், எனக்குத் தெரியும், இரண்டு வருஷம் முன்னால் நானே முயன்று விட்டிருக்கிறேன். இப்போது வெண்ணெய் வெட்டுகிற மாதிரி போகிறது. தினமும் இழுக்கிற பிடிதான் இப்படி இருக்கும். படுத்த வாக்கில் கையைப் பின்னால் விட்டால் ஒரு மெத்தென்ற துணி. இழுத்துப் பார்த்தேன். சின்னத் தலையணை. நீலப் பூப்போட்ட உறை. இந்த உறை தொலைந்துவிட்டதென்று போன தீபாவளிக்கு முன்னால் வீட்டில் நான் கத்தியிருக்கிறேன், ஜோடி உறையில் ஒன்று எப்படிக் கால் முளைத்துப் போகும் என்று. கால் முளைத்து இங்கேதான் வந்திருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். கோகிலாவின் தலைமுடி எண்ணெய் வாசனை. இன்னும் ஒரு தடவை முகர்ந்தேன், வேறு ஏதாவது வாசனை இருக்கிறதா என்று. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் முகர்ந்தேன்.

ஒரு காருக்குள் தலையணை எதற்கு? எதற்கு என்றால் எதற்கு. காது இரண்டும் சூடாகிவிட்டது. தேர்வுப் பிரிவில் ஒருத்தர் உண்டு, ஞானசேகரன், கேள்வித்தாள் கட்டுகளுக்கு அரக்கு முத்திரை வைக்கிறவர். நல்லாப் பாடுவாருங்க என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை, மூன்று வருஷம் முன்னால், இட்லிக்குச் சட்னி வைத்துக்கொண்டே. மறந்துவிட்டேன் என்று நினைத்தேன், எங்கே மறந்தேன், பெயரோடு இருக்கிறது. தினமும் ஏழு மணிக்குத்தான் வீட்டுக்குள் வருகிறாள் என்று அப்பா சொல்வார். ஐந்தேகாலுக்குக் கல்லூரியை விட்டால் எவ்வளவு ஊர்ந்தாலும் ஆறு, ஆறேகால். கேட்டால் "லாலி ரோட்டுல ட்ராஃபிக்குங்க" என்பாள். எல்லோருக்கும் அந்த ரோடு வசதியாக இருக்கிறது. பொறு, ஜெகதீசா, நீ தர ஆய்வு செய்கிறவன், அளந்து பார். கார் எங்காவது சுற்றியிருந்தால் கிலோமீட்டர் ஏறியிருக்க வேண்டும். போனை எடுத்துப் பார்க்கிறேன், மீட்டர் படங்கள், லீவு வந்த வாரமும் அன்னூர் போன வாரமும் தவிர ஒவ்வொரு வாரமும் நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபது, நூற்று அறுபத்தொன்பது. இருபத்தெட்டை ஆறால் பெருக்கினால் நூற்று அறுபத்தெட்டு. ஒரு தெரு கூடுதலாகப் போகவில்லை. கிலோமீட்டர் ஏறவில்லை, லிட்டர் மட்டும் ஏறியிருக்கிறது. வாரத்துக்கு நாலு லிட்டர். ஓடாத வண்டி எப்படிப் பெட்ரோல் குடிக்கும்? நின்றுகொண்டே குடிக்கும். இஞ்சினைப் போட்டு, ஏசியைப் போட்டு, நின்ற இடத்திலேயே நின்றால் மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல் போகும். வாரத்துக்கு ஐந்து மணி நேரம். நாளைக்கு ஐம்பது நிமிஷம். ஆறு பத்திலிருந்து ஏழு. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆகியிருக்கிறது, பிளக் மாற்றி, ஃபில்டர் மாற்றி, அவள் காலைக் குற்றம் சொல்லி. எங்கே நின்றது என்பதுதான் மிச்சம். எங்கே, யாரோடு.

வாட்ச்மேன் மாரப்பன் அந்தப் பக்கம் குழாயடியில் வாளி ரொப்பிக்கொண்டிருந்தார். அறுபது வயது, காதோரம் நரைத்த மீசை. என் கையிலிருந்த தலையணையைப் பார்த்துவிட்டு அவராகவே கிட்ட வந்தார். "வண்டி குடுக்கறீங்களாமா சார்?" ஆமாம் என்றேன். "அப்ப அம்மா இனி எங்க சார் படுத்துக்குவாங்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், இன்றைக்குத் தண்ணி லாரி வருமா என்பதுபோல.  தெரிந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "தினமுமா?" என்றேன். "லீவு நாள் தவுத்துத் தினமுந்தானுங்க. ஆறேகாலுக்குள்ள வந்து இங்க நிறுத்துவாங்க. செருப்பக் கழட்டி வெச்சுட்டு, கண்ணாடியை ரெண்டு விரக்கடை இறக்கிட்டு, சீட்டைச் சாச்சுப் படுத்துருவாங்க. ஏழு மணிக்கு நாந்தானுங்க தட்டி எழுப்பறது. போன்ல அலாரம் வெச்சாக்க வூட்டு நெனப்பே வருதுங்கண்ணா, நீங்க தட்டீருங்கன்னு சொன்னாங்க." கூட யாராவது, என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன், ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு கணம் என்னையே பார்த்தார். "ஆருமில்லீங்க சார்" என்றார், மெதுவாக. பிறகு, நான் கேட்காமலே, "ரெண்டு தட்டு தட்டுனாப் போதுமுங்க, அப்படியே சிரிச்ச மொகமா எந்திரிப்பாங்க" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஞானசேகரன் இல்லை, அப்பாடா என்று இருக்க வேண்டும். இருந்தது, ஒரு மூச்சு விடுகிற நேரம். அதற்குள் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. சிரித்த முகமா. வீட்டில் அவள் நாலே முக்காலுக்கு அலாரம் அடித்து எழுகிறாள். எழும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை, முதுகுதான் வருகிறது, கொண்டையை முடிந்துகொண்டே கதவு தாண்டிப் போகிற முதுகு. இருபது வருஷமாகப் பக்கத்தில் படுக்கிறவன் பார்க்காத முகத்தைத் தினமும் ஏழு மணிக்கு மாரப்பன் பார்த்துக்கொண்டிருக்கிறார், இரண்டு தட்டுக்கு. எனக்கு மாரப்பன் மேல் பொறாமை, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அப்புறம் ஒரு பயம் குபீரென்று வந்தது, இஞ்சின் ஓடுகிற வண்டிக்குள் தூங்குகிறாளே, புகை உள்ளே போயிருந்தால்? எழுந்து வெளியே வந்து நாலு பக்கமும் பார்த்தேன். மூன்று பக்கம் சுவரே இல்லை, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, கண்ணாடி இரண்டு விரல் இறங்கியிருக்கும், மாரப்பனும் இருக்கிறார். பதினான்கு மாதம் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் வந்து அதே சீட்டில் படுத்தேன். பதினான்கு மாதம். மைலேஜ் விழுந்தது ஆவணியில். அப்பா எங்களோடு இருக்க வந்தது அதற்கு முந்தின மாதம், ஆடியில். இரண்டு படுக்கையறை வீடு. ஒன்று அப்பாவுக்கு, இன்னொன்று பிளஸ் டூ படிக்கிற மித்ராவுக்கு, நாங்கள் ஹாலில், டிவிக்கு எதிரில். அப்பாவுக்குக் காது மந்தம். இதோ இங்கே இரண்டு மாடிக்குக் கீழேகூடக் கேட்கிறது, செய்தி சேனலில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அந்த வீட்டில் கோகிலா சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது, குளியலறைக் கதவைத் தவிர, அதையும் பத்து நிமிஷத்தில் யாராவது தட்டுவோம். இந்த வண்டிக்கு நாலு கதவு. உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளலாம். வாராவாரம் படம் அனுப்பியிருக்கிறாளே. நாலு லிட்டர் எங்கே போகிறது என்று என் கையிலேயே கொடுத்திருக்கிறாள், நான் வகுத்தல் போட்டுப் பார்த்துவிட்டு அவள் காலைக் குற்றம் சொன்னேன். அவளும் இருக்குமுங்க என்றாள். ஐம்பது நிமிஷத்தைக் காப்பாற்ற ஊர் முன்னால் வண்டி ஓட்டத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஐம்பது நிமிஷத்துக்கு எத்தனை மில்லி என்று சொல்லியிருப்பேன்.

போன் அடித்தது, பூபதி. இந்த மனிதருக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ. "என்னங்க சகல, வண்டி பாக்க ஆள் வந்துட்டானுங்களா? எடுத்தா என்னுதாட்டமே எடுங்க. அதோட வர்ற போன் ஆப் ஒண்ணு போதுமுங்க. சுகந்தி எங்க நிக்கறா, எத்தனை நேரமா நிக்கறா, ஏசி போட்டிருக்காளா, அத்தனையும் நம்ம போன்ல வந்துருமுங்க. வண்டியில ஏறி உக்காந்தாப் போதும், நமக்கு டிங்னு கேக்கும்." பின்னால் சுகந்தி ஏதோ சொன்னது கேட்டது, என்ன என்று புரியவில்லை. சரிங்க சகல, பார்க்கிறேன் என்று வைத்தேன். டிங். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு அந்த டிங் வேண்டும்போலிருந்தது, நாக்கில் ஊறுகிற மாதிரி. ஹைபிரிட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும். நிற்கும்போது பெட்ரோல் குடிக்காது. அவள் பாட்டுக்குத் தூங்கலாம், மைலேஜ் விழாது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனைப் பார்த்தால் ஆறு பத்துக்கு வண்டி நின்றது, ஏசி இருபத்து நாலில், கதவு பூட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அவளோடு நானும் இருப்பதுபோல. மாரப்பனுக்கு முன்னால் நான் போன் போட்டு எழுப்பலாம். அதைக் கேட்டுச் சிரித்த முகமாக எழுவாளா? வூட்டு நெனப்பே வருதுங்கண்ணா. இல்லை, எழமாட்டாள். முதல் நாளே டிங் போகிறதென்று தெரிந்துகொள்வாள், அவளுக்குத் தெரியாதது என்ன. அன்னூரில் அந்தச் சீட்டில் கண்ணை மூடியவள் ஒரு நிமிஷத்தில் ஏன் எழுந்தாள்? பூபதி இந்த ஆப் பெருமையை ஆரம்பித்ததும்தான் எழுந்தாள், இப்போது ஞாபகம் வருகிறது. அதற்கப்புறம்தான் நம்ம வண்டிக்கு என்னங்க கொறை. நான் பொறாமைப்பட்ட அந்த முகம் பூபதியின் காருக்காக வந்ததே இல்லை. சீட்டைச் சாய்த்ததும் வருகிற முகம் அது, இந்தச் சீட்டில் பழகிய முகம். இப்போது நான் படுத்திருக்கிற இதே சீட்டில்.

"சாரிங்க சார், ட்ராஃபிக்கு." வந்தே விட்டான். இருபத்தைந்து வயசு இருக்கும், கழுத்தில் அட்டை, கையில் டார்ச்சும் டேப்லெட்டும். நான் எழுந்து சீட்டை நிமிர்த்தினேன், தலையணையைக் கட்டைப்பைக்குள் தள்ளினேன். பானெட்டைத் திறந்தான், ஆயில் கம்பியை உருவித் துணியில் துடைத்தான், இஞ்சினைப் போட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டான். "இஞ்சின் தங்கமாட்டம் இருக்குதுங்க சார். அப்புறம் எதுக்குங்க குடுக்கறீங்க?" பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு சாவி வேண்டும் என்றான். மேலே போன் செய்தேன். கோகிலா இறங்கி வந்தாள், கையில் மாவு ஒட்டியிருந்தது, புடவையில் துடைத்துக்கொண்டே. அவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தாள், பிறகு கட்டைப்பையை. நீல உறையின் ஓரம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, சாவியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின.

"மைலேஜ் எத்தனைங்க மேடம் குடுக்குது?" என்று அவன் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பதினொண்ணுதானுங்க வருது" என்றாள் கோகிலா. "வண்டி மேல தப்பில்லீங்க. நான் கிளட்ச் மேலயே காலை வெச்சு ஓட்டறேன்."

முன்பின் தெரியாத ஒருத்தனிடம் சொன்னாள். என் வாக்கியம், நீ என்பது மட்டும் நான் ஆகியிருந்தது. 

"இல்லீங்க" என்றேன். "பதினாறு குடுக்குது. இவங்க ஓட்டறதுல ஒரு குத்தமும் இல்ல. பதினாறு." பிறகு, "வண்டி குடுக்கலீங்க தம்பி. உங்களை வீணா அலைய விட்டுட்டேன்."

அவன் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். "சனிக்கிழமைங்க சார், இன்னும் நாலு வண்டி பாக்கோணும், முன்னாடியே சொல்லீருக்கலாமுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே பைக்கை உதைத்தான். அது கிளம்பிப் போகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே டிவியில் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. மன்னித்துக்கொள் என்பது அதில் ஒன்று. யாரிடமாவது அதைச் சொல்லிப் பழக்கமிருந்தால் வந்திருக்கும்.

"கோகிலா, இனிமே டேங்க்கை ரொப்ப வேண்டாம்" என்றேன். "ஐநூறு ஐநூறாப் போட்டுக்க. எப்பக் கொறையுதோ அப்ப."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் மைலேஜ் எப்படிங்க பாப்பீங்க?"

"பாக்கல."

"படம்?"

"வேண்டாம்."

அவள் மாவு காய்ந்த விரலால் கட்டைப்பையிலிருந்து தலையணையை எடுத்தாள். தட்டினாள், உறையை இழுத்துச் சரி செய்தாள். ஒளிக்கவில்லை, என் கண் முன்னாலேயே செய்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். "மேல போங்க" என்றாள். "அடுப்புல பருப்பு இருக்குது, ரெண்டு விசில் விட்டு அணைச்சுருங்க. நான் செத்த நேரங் கழிச்சு வர்றேன்." இத்தனை நாள் லாலி ரோடு ட்ராஃபிக் என்றவள் இன்றைக்குத்தான் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறாள். பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. நானும் ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவள் கை சீட்டின் பிடிக்குப் போய்விட்டிருந்தது, பழக்கமான கை, தேடாமல் போனது. நான் கேட்கவில்லை.

படியேறுகிறேன். பூபதி மேல் இருந்த பொறாமை போய்விட்டது, இருபத்தாறோ முப்பதோ, கொடுக்கட்டும். மாரப்பன் மேல் இருந்ததும் குறைந்துவிட்டது. இந்தப் பதினோரு வயது வெள்ளை வண்டி மேல் இருப்பது மட்டும் ஒவ்வொரு படிக்கும் ஏறுகிறது. அதற்கு அவள் தூங்குவது தெரியும், அவள் தலை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும், அவள் எடை தெரியும், பதினான்கு மாதமாக ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறது, பெட்ரோலில் மட்டும் உளறியிருக்கிறது, அந்த வாயையும் இன்றைக்கு நானே அடைத்துவிட்டேன். கதவைத் திறந்ததும் அப்பா "வித்தாச்சாடா?" என்று டிவிக்கு மேலே கத்தினார். இல்லை என்று தலையாட்டினேன். பருப்பு இரண்டாவது விசில் விட்டது, அணைத்தேன். பிறகு அப்பாவின் பக்கத்திலிருந்த ரிமோட்டை எடுத்து, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, சத்தத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். வீடு அமைதியானதும் கீழே இஞ்சின் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.